கோடி போன ஏரியும் போடாத திருத்தமும்

எந்தச் செய்தியும் எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிற என் தேவகி அக்காவுக்கு,

பூவேரிப்பாக்கம் ஏரி இன்று காலை கோடி போய்விட்டது. இந்த ஒரு தடவை உனக்கு முன்னால் நான் சொல்கிறேன். விடிந்ததிலிருந்து நம் அலுவலகப் போனுக்குப் படங்களும் குரல் பதிவுகளும் வந்து குவிகின்றன. கலங்கல் மேல் வழுக்கி இறங்கும் தண்ணீர், அதன் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்கிற பிள்ளைகள், கற்பூரத் தட்டு, மாலை போட்ட ஒரு கிடா. ஊருக்கே சந்தோஷம். நான் மட்டும் எதையும் நம் பத்திரிகையின் பேஸ்புக் பக்கத்தில் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி விளக்கம், நீ பொறுத்துக்கொள். ஏரி நிரம்பி, மிஞ்சின தண்ணீர், அதற்கென்றே தாழ்வாகக் கட்டிய கலங்கல் சுவரைத் தாண்டி ஓடையில் இறங்கினால் எங்கள் பக்கத்தில் ‘கோடி போகிறது’ என்போம். அது நல்ல சேதி. கரை உடைவது வேறு, கோடி போவது வேறு. இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அந்த வித்தியாசம் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் நடந்ததைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

பத்திரிகைக்கு ஒரு பக்கம் தொடங்கலாம், பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஜனங்களோடு பேசலாம் என்று நான் முதலில் சொன்னபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “வாரத்துக்கு ஒரு வாட்டி தப்பில்லாம பேசறதே எனக்குப் பேஜாரா கீது. நீ இன்னாடான்னா நிமிஷத்துக்கு ஒரு வாட்டி பேசணும்ன்ற” என்றாய். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை மாடியில், நம் இரண்டு மேசைக்கும் நடுவே இருந்த டீ கிளாஸை நகர்த்திவிட்டு மறுபடியும் எழுத உட்கார்ந்துவிட்டாய். வெள்ளிக்கிழமை இதழ் போதும் உனக்கு.

உன் மனதை மாற்றியது நான் இல்லை. பக்கத்து ஊரான பெருநகரிலிருந்து வரும் பஸ் மூன்று நாளாக வரவில்லை என்று காலனியிலிருந்து ஒரு பெண் அனுப்பிய குரல் பதிவு. அதுவரைக்கும் நமக்குக் கடிதம் போட்டவர்கள் எல்லாரும் எழுதத் தெரிந்தவர்கள். எழுதத் தெரியாத ஒருத்தி பத்திரிகையோடு பேசியது அன்றைக்குத்தான். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி, அவள் பேரைப் போட்டு முதல் பக்கத்தில் வைத்தாய். அடுத்த வாரம் பஸ் வந்தது. அதற்குப் பிறகு காணாமல் போன மாடு, மூடிக் கிடக்கும் ரேஷன் கடை, கிராம சபையில் யார் என்ன பேசினார்கள் என்று எல்லாம் குரலாக வந்தது. நீ அத்தனையையும் கேட்டாய். வேலை செய்துகொண்டே இல்லை, பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாய்.

நான் அப்படி இல்லை. பதிவுகள் அதிகமானதும் அலுவலகப் போனில் வேகத்தை இரண்டு மடங்காக வைத்துக்கொண்டேன். ஒரு நிமிஷப் பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். உனக்கு அது ஆகவே ஆகாது. “எல்லாரும் கோழி மாதிரி கொக்கரிக்கறாங்கடா. ஊர்க்காரன் மெதுவாதான பேசறான், உனுக்கு இன்னா அவ்ளோ அவசரம்?” என்று கிண்டல் செய்வாய். நான் சிரித்துவிட்டு அடுத்த பதிவைத் தட்டுவேன்.

உன்னுடைய இன்னொரு பிடிவாதத்தையும் இவர்களுக்குச் சொல்ல வேண்டும். தப்பு எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே அளவில் வர வேண்டும். ஒருமுறை மேற்குத் தெரு முனுசாமி இறந்ததற்குக் கிழக்குத் தெரு முனுசாமியின் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி செலுத்திவிட்டோம். உள்ளே ஒரு மூலையில் சின்னதாக வருத்தம் தெரிவிக்கலாம் என்றேன். நீ மறு வாரமே ‘முனுசாமி உயிருடன் இருக்கிறார்’ என்று அதே அளவில் போட்டாய். அந்த மனுஷன் மாடிப்படி ஏறி வந்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று பத்து இதழ் வாங்கிக்கொண்டு போனார். அன்று நாம் சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் என்ன ஏதென்று மேலே வந்துவிட்டார்.

ஏழுமலையை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பூவேரிப்பாக்கம் ஏரியின் மதகைத் திறந்து மூடுகிறவர். அவர் அப்பாவும் அதையே செய்தார். மழைக்காலத்தில் தினமும் காலையில் நமக்கு ஒரு பதிவு வரும். “சாரு, இன்னிக்கி மதகுல மூணாவது படி முங்கிபோச்சி” என்பார். அதை நாம் பக்கத்தில் போட்டால் போதும், பத்து ஊர் விவசாயிகள் அதைப் பார்த்துத்தான் நாற்று விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். நம் பக்கத்தில் ஜனங்கள் மிகவும் நம்பியது உன் எழுத்தைக்கூட இல்லை, ஏழுமலையின் குரலைத்தான்.

போன கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. செய்யாற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்க நீ காலையிலேயே ஸ்கூட்டியில் பெருநகர் போய்விட்டாய். அலுவலகத்தில் நான் ஒருவன். எங்கேயோ மரம் விழுந்தது, எங்கேயோ கம்பி அறுந்தது, பதிவு மேல் பதிவு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு ஏழுமலையின் பதிவு வந்தது. காற்றும் மழையும் இரைச்சலாக இருந்தன. இரண்டு மடங்கு வேகத்தில் என் காதில் விழுந்தது இதுதான்: “ஏரி ஒடஞ்சி போயிடுச்சி சாரு. தண்ணி ஓடையில எறங்குது. ஜனங்ககிட்ட சொல்லிடுங்க.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பதிவு முடிவதற்குள் நிறுத்திவிட்டேன்.

திரும்ப ஒரு முறை கேட்டிருக்கலாம். அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். உனக்காவது போட்டிருக்கலாம். எனக்கு அப்போது இருந்த ஒரே பயம், வேறு யாராவது முந்திக்கொண்டு போட்டுவிடப் போகிறார்களே என்பதுதான். ‘பூவேரிப்பாக்கம் ஏரி உடைந்தது! கீழ்ப்பகுதி மக்கள் உடனே வெளியேறுங்கள்!’ சிவப்பில், கொட்டை எழுத்தில் போட்டேன். போட்ட மறு நிமிஷமே நூற்றுக்கணக்கில் பகிர்ந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு ஒரு கிளுகிளுப்பு இருந்தது, அக்கா. இதை உன்னிடம்கூட மறைத்தால் நான் வேறு யாரிடம் சொல்வேன்?

கரைக்குக் கீழே இருந்த காலனி ஜனங்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் பிடித்துக்கொண்டு மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போக ஓடையைத் தாண்ட வேண்டும். ஓடையில் தரைப்பாலம். ஏரி கோடி போனதால் அந்தத் தரைப்பாலத்தின் மேல் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அவரவர் வீட்டில் இருந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

நீ என்னை ஆறு முறை அழைத்திருக்கிறாய். நான் யார் யாருக்கோ ஏரி உடைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாவதாக நீ ஒரு குரல் பதிவு அனுப்பினாய். “டேய் சேகரு, ஏரி ஒடையலடா. ஏழுமலகிட்ட பேசிட்டேன். கோடிதான் போவுது. ஜனங்க தரைப்பாலத்துல எறங்கிக்கினு கீதுங்க. மொதல்ல அத எட்றா. திருத்தம் போடு. நான் போயி நிறுத்தறேன்.” இதை நான் கேட்டபோது நீ பாலத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாய்.

பாலத்தின் வாயில் ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்தி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எல்லோரையும் திருப்பி அனுப்பினாய் என்றார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணையும் அவள் இடுப்பிலிருந்த குழந்தையையும் இழுத்துக் கரை சேர்த்தாய். அவர்கள் ஏறிவிட்டார்கள். நீ ஏறவில்லை. மறுநாள் காலையில், வெகு தூரத்தில், கருவேல முள்ளுக்குள் உன்னைக் கண்டுபிடித்தார்கள். உன் கைப்பை தோளிலேயே மாட்டியிருந்தது.

நான் திருத்தம் போடவில்லை, அக்கா. அழித்தேன். அச்சடித்ததை அழிக்க முடியாது, அதனால்தான் திருத்தம் என்று ஒன்று இருக்கிறது என்று நீ சொல்வாய். இதில் அழிக்க முடியும். விரலால் ஒரு முறை தொட்டால் போதும், நான் எழுதவே இல்லை என்று ஆகிவிடும். ஆனால் அதற்குள் அதைப் படம் பிடித்து வைத்திருந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். உன் காரியம் முடிந்த கையோடு பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: ‘களத்திலிருந்து கிடைத்த தவறான தகவலின் அடிப்படையில் அச்செய்தி வெளியானது.’

நான் யார் பேரையும் போடவில்லை. போட வேண்டிய அவசியமே இல்லை. ஏரிக்கரையிலிருந்து தினமும் நமக்குப் பேசுகிறவர் யார் என்று பத்து ஊருக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் கீழே ஏழுமலையின் பேர் வந்துவிட்டது. குடித்துவிட்டுப் பேசினான் என்று ஒருவர். வேண்டுமென்றே செய்தான் என்று ஒருவர். அவன் ஜாதியைச் சொல்லி ஒருவர். அந்த ஒன்றை மட்டும் அழித்தேன், என்னவோ பெரிய நியாயவான் மாதிரி.

அவர் நம் அலுவலகப் போனுக்கு மட்டும்தான் அதை அனுப்பியிருந்தார். அவருடைய போன் அன்றைய மழையில் நனைந்து செத்துப்போனது. ஆக, அவர் என்ன சொன்னார் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி என் மேசை மேல் இருக்கிறது. உன் காரியத்துக்கு மறுநாள் அதைச் சாதாரண வேகத்தில், முழுசாகக் கேட்டேன். அவர் சொன்னது இது: “ஏரி கோடி போயிடுச்சி சாரு. தண்ணி ஓடையில எறங்குது. ஜனங்ககிட்ட சொல்லிடுங்க, தரைப்பாலத்துப் பக்கம் யாரும் வர வேணாம்னு.”

நான் கேட்காமல் விட்டது அந்தக் கடைசி ஐந்து வார்த்தையை.

அதற்குப் பிறகும் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏரி மதகு அவர் கையை விட்டுப் போனது. இப்போது ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் குப்பை கூட்டுகிறார். நம் பேஸ்புக் பக்கமோ வளர்ந்துகொண்டே போகிறது. உன் படத்தைப் பக்கத்தின் முகப்பில் வைத்தேன். ‘மக்களுக்காக உயிர் கொடுத்த பத்திரிகையாளர்’ என்று எழுதினேன். வெளியூரிலிருந்தெல்லாம் கண்ணீர் விட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்து யாரும் என்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாமா மட்டும் ஒரு நாள், “அவளுக்கு போட்டோவே புடிக்காதேடா” என்றார். உன் வீட்டுக்காரர் அதற்கு மேல் பேசுகிறவரா?

போன வாரம் ஏழுமலை படியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சாரு, ஒண்ணு கேக்கணும். தப்பா எட்த்துக்காதீங்க. அன்னிக்கி நான் இன்னா சொன்னேன்?”

நான் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

“கோடின்னு சொன்னேனா, ஒடஞ்சிச்சின்னு சொன்னேனா? எல்லாரும் சொல்லிக்கினே கீறாங்க. மொதல்ல சண்ட போட்டேன். இப்ப எனுக்கே டவுட்டா கீது. கனவுல கூட ஒடஞ்சிச்சின்னுதான் சொல்றேன். அக்கா செத்ததுக்கு நான்தான் காரணம்னா சொல்லிடுங்க சாரு. தாங்கிக்கறேன்.”

போன் எங்கள் இருவருக்கும் நடுவே மேசை மேல் கிடந்தது. நான் சொன்னேன்: “எனக்கும் சரியா நெனப்பில்லைங்க.”

அவர் தலையை ஆட்டினார். “சரிங்க சாரு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் பெரியது எது என்று கேட்டால், அந்தச் சிவப்பு எழுத்தைச் சொல்லமாட்டேன். அது அவசரம், முட்டாள்தனம். இது அப்படியில்லை. ஒரு மனுஷன் தான் பேசிய வார்த்தையையே நம்ப முடியாமல் என்னிடம் வந்து கேட்டான், அவன் வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்றேன்.

இரண்டு நாள் பொறுத்து மாமாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏழுமலையின் பதிவைப் போட்டுக் காட்டினேன். பிறகு உன்னுடையதை. உன் குரல் வந்ததும் மாமா எழுந்து நின்றுவிட்டார்.

“அவ கொரல ஒரு வருசமா நீயே வச்சிக்கினு இருந்தியா?” என்றார்.

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பின்பக்கம் கிணற்றடிக்குப் போனார். உள்ளே இருந்து எனக்குக் கேட்டது. டேய் சேகரு, ஏரி ஒடையலடா. மறுபடியும், மறுபடியும். எத்தனை தடவை என்று எண்ண எனக்குத் தைரியம் இல்லை. திரும்பி வந்து போனைக் கொடுத்தார். “ஏழுமல வூட்டுக்கு எப்ப போற?” என்று மட்டும் கேட்டார்.

நேற்று போனேன். மாமாவும் கூட வந்தார். வாசலிலேயே நின்று பதிவைப் போட்டேன். ஏழுமலை தலையைக் குனிந்து கேட்டார். ‘கோடி’ என்ற சொல் வந்த இடத்தில் நிமிர்ந்தார். “இன்னொரு வாட்டி போடுங்க சாரு” என்றார். போட்டேன். “கோடின்னுதான் சொல்லிக்கீறேன்” என்று தன் பெண்சாதியைப் பார்த்துச் சொன்னார். “பாரு, கோடின்னுதான் சொல்லிக்கீறேன். பாலத்தாண்ட வர வேணாம்னு கூட சொல்லிக்கீறேன்.” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் காலில் விழப் போனேன், மாமா தோளைப் பிடித்து நிறுத்தினார். அந்தச் சுலபம் எனக்கு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

திருத்தம் போடுகிறேன், முதல் பக்கத்தில் போடுகிறேன் என்று சொன்னேன். அப்போது ஏழுமலையின் மனைவி கேட்டாள்: “நீங்க போடுவீங்க சாரு. ஏரி ஒடஞ்சிச்சின்னு போட்டத ஊரே படிச்சிது. இவர காறித் துப்புனவங்க அத்தினி பேரும் இதயும் படிப்பாங்களா?”

பதில் இருக்கிறதா அக்கா உன்னிடம்? அச்சில் வந்த தப்பு எத்தனை பேரிடம் போனது என்று உனக்குத் தெரியும். அதே ஆட்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை திருத்தம் போய்ச் சேரும். இதில் தப்பு காலனி தாண்டி, ஜில்லா தாண்டிப் போய்விட்டது. திருத்தத்தை யார் பகிர்வார்கள்? ஏரி உடையவில்லை என்பதை எவன் அவசரமாகத் தன் தம்பிக்கு அனுப்புவான்? முனுசாமி உயிரோடு இருக்கிறார் என்று போட முடிந்தது. உன்னைப் பற்றி நான் என்ன போட முடியும்?

உனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். இந்தக் கடிதம் இந்த வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் வரும். இதன் அடியில் இருக்கிற திருத்தம், நான் அன்று போட்ட அதே சிவப்பில், அதே கொட்டை எழுத்தில், நம் பேஸ்புக் பக்கத்தின் உச்சியிலும் இருக்கும். முகப்பிலிருந்து உன் படத்தை எடுத்துவிடுகிறேன், இனி அதற்குப் பின்னால் நான் ஒளிய மாட்டேன். ஏழுமலையின் குரல் பதிவை ஒரு விநாடி வெட்டாமல், காற்றும் மழையுமாக அங்கேயே வைப்பேன். போதும் எடுத்துவிடு என்று அவர் சொல்கிறவரைக்கும் அது அங்கேயே இருக்கும். அது போய்ச் சேராத தெருவுக்குப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நானே போவேன். யாராவது, சீக்கிரம் சொல்லு, வேலை இருக்கிறது என்றாலும், அவர் பேசின வேகத்திலேயே முழுசாகப் போட்டுக் காட்டுவேன்.

நீ கேட்டது இதோ.

திருத்தம்: பூவேரிப்பாக்கம் ஏரி உடையவில்லை. கோடிதான் போனது. ஏழுமலை சொன்னது சரி. எச்சரித்ததும் சரி. பாதி கேட்டு, தப்பாக எழுதி, பழியை அவர் மேல் போட்டவன் நான்.

இப்படிக்கு,
நீ ஒரு நிமிஷத்தில் போடச் சொன்னதை ஒரு வருஷம் கழித்துப் போடுகிற
உன் கூடப்பிறந்த தம்பி,
சேகர்